மாதிரி இரயிலின் புகைக்கலம் கருகுவது ஏன்?

நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. அதற்கு விலக்காக ஒரு பொருளைக் காட்டவேண்டுமாயின், மேசைமீது ஓடும் மாதிரி இரயில் எஞ்சினைக் காட்டலாம். அதன் புகைபோக்கியிலிருந்து வெண்புகை சுருள் சுருளாகக் கிளம்புகிறது. உள்ளே நெருப்பு இல்லை, கரி இல்லை, நீரும் இல்லை. இருப்பன விரல் நுனியளவான ஒரு கலமும், அதனுள் ஒரு மின்கம்பியும், சில சொட்டு எண்ணெயுமே. ஆங்கிலத்தில் ‘ஸ்மோக் யூனிட்’ என்று வழங்கும் இதனைத் தமிழில் புகைக்கலம் எனலாம். எஞ்சினின் சக்கரமும் பற்சக்கரமும் மோட்டாரும் ஐம்பது அறுபது ஆண்டுகள் உழைக்க, இவ்வோர் உறுப்பு மட்டும் பலரிடத்தில் ஒரே மாலைப்பொழுதில் செத்துப் போகிறது. அது தேய்ந்து போவதுமில்லை, உடைந்து போவதுமில்லை, கருகிப் போகிறது. தந்தை தன் பிள்ளைப் பருவத்தில் ஓட்டிய எஞ்சினை மகனுக்கென்று பெட்டியிலிருந்து எடுத்து, முதல் நாளிலேயே அதன் புகைக்கலத்தைக் கருக்கிவிடுவது மேல்நாடுகளில் அடிக்கடி நிகழும் ஒன்று. கருகலின் காரணத்தை நுணுகி நோக்கினால், பள்ளியில் கற்பிக்கப்படும் வெப்பவியலும் மின்னியலும் அச்சிறு கலத்துள் ஒருங்கே அடங்கியிருத்தல் புலனாகும்.

முதற்கண் ஒரு சொல்லாராய்ச்சி. இவ்வெஞ்சின் விடுவது உண்மையில் புகை அன்று. ஒரு பொருள் முற்றும் எரியாதபோது அதிலிருந்து எழும் கரித்துகள்களின் கூட்டமே புகை. இங்கு எதுவும் எரியவில்லை. எண்ணெய் சூடேறி ஆவியாகிறது. அவ்வாவி குளிர்ந்த காற்றைத் தொட்டதும் மீண்டும் நுண்ணிய துளிகளாகத் திரள்கிறது. அத்துளிகள் ஒளியை நாற்புறமும் சிதறடிப்பதால் வெண்மையாகத் தோன்றுகிறது. தேநீர்க் கெண்டியின் மூக்கை உற்று நோக்குவார் இதனை எளிதில் அறிவர். மூக்கின் வாயை ஒட்டிய சிறிது இடம் வெறுமையாகத் தெரியும். அங்குள்ளதே மெய்யான நீராவி, அது கண்ணுக்குப் புலப்படாது. அதற்கப்பால் வெள்ளையாகத் தெரிவது ஆவி குளிர்ந்து பிறந்த நீர்த்துளிகளின் கூட்டம். மாதிரி எஞ்சினின் புகையும் அவ்வினத்ததே. மார்கழிப் பனியோடு உறவுடையதேயன்றி அடுப்புப் புகையோடு உறவுடையதன்று. வடிவொப்புமையால் அதற்குப் புகை என்னும் பெயர் வந்தது; இலக்கண ஆசிரியர்கள் இதனை உவமையாகுபெயரின்பாற் படுத்துவார்கள். இவ்வேறுபாடு வெறுஞ்சொல் வேறுபாடு அன்று. அந்தக் கலத்திலிருந்து மெய்யான புகை, அதாவது தீய்ந்த நாற்றமுடைய மங்கிய நீலப்புகை, எப்போது வரத் தொடங்குகிறதோ அப்போதே கருகல் தொடங்கிவிட்டது என்று கொள்ளவேண்டும்.

இக்கருவியின் வரலாறு இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டில் வேகம் கொள்கிறது. அமெரிக்காவில் இரண்டு பெருநிறுவனங்கள் அப்போது பொம்மை இரயில் சந்தைக்காகப் போட்டியிட்டன. ஒன்று, 1900இல் நியூயார்க்கில் தோன்றிய லயனல். மற்றொன்று, 1938இல் அமெரிக்கன் பிளையர் என்ற பெயரை வாங்கிக்கொண்ட ஏ. சி. கில்பெர்ட்டு நிறுவனம். 1946இல் இரண்டும் புகைவிடும் எஞ்சின்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. கில்பெர்ட்டு நிறுவனத்தார் புகைக்கருவியை எஞ்சினுக்குப் பின்னே செல்லும் கரிவண்டியில் வைத்துக் குழாய் வழியே புகையை முன்னே செலுத்தினர். பின்னர்தான் அதனை எஞ்சினுக்குள்ளேயே அமைத்தனர். லயனல் செய்தது வேடிக்கையானது. எஞ்சினின் முன்விளக்கு பல்பின் தலையில் ஒரு குழி வைத்து, அக்குழியில் ஒரு சிறு மாத்திரையை இட்டால், விளக்கின் சூட்டிலேயே அது புகையும் என்று ஏற்பாடு செய்தனர். முதலாண்டு மாத்திரை அம்மோனியம் நைட்ரேட்டு. தோட்டப்புறங்களில் உரமாகத் தூவப்படும் அதே உப்புதான்! விளக்கின் சூடு போதவில்லை. ஆகவே 1947இல் பல்பைக் கைவிட்டு, தனியான சூட்டுக்கம்பி உள்ள கலத்தையும் வேறுவகை மாத்திரையையும் அமைத்தனர். சக்கரம் சுழலும்போது ஒரு நெம்புகோல் சிறு உந்துதண்டை மேலும் கீழும் அசைக்க, புகை ‘குப் குப்’ எனத் தாளத்தோடு வெளிவந்தது.

ஜெர்மனியில் வேறொரு முறை வளர்ந்தது. சோய்தே என்னும் பெயருடைய புகைக்கலங்கள் மெர்க்லின் முதலிய நிறுவனங்களின் எஞ்சின்களுள் இடம்பெற்றன. இவற்றில் உந்துதண்டும் இல்லை, விசிறியும் இல்லை. ஒரு சிறு உலோகக் குப்பியின் நடுவில் மயிரிழை போன்ற துளையுடைய குழாய் நிற்கிறது. அதனைச் சூட்டுக்கம்பி தழுவி நிற்கிறது. குப்பியிலுள்ள எண்ணெய் அடியிலிருந்து குழாயினுள் ஏறிக் கொதிக்கிறது. கொதித்த ஆவி மேலே தள்ளப்பட, அந்த இடத்திற்கு மேலும் எண்ணெய் வருகிறது. வெந்நீர் ஊற்று விட்டுவிட்டுப் பீறிடுவதும் இதே முறையில்தான். பிற்காலத்து அமெரிக்க எஞ்சின்களிலோ சூட்டுத்தடை ஒன்றைக் கண்ணாடி நாராலான திரி சூழ்ந்திருக்கிறது. சிறு மோட்டார் விசிறி காற்றை ஊதிப் புகையை வெளியே தள்ளுகிறது. வடிவம் எதுவாயினும் உள்ளே நடப்பது ஒன்றே: சூடான ஒரு கம்பி, அதனை நனைத்துக்கொண்டிருக்கும் ஒரு திரவம்.

கருகலின் மூலகாரணத்தைக் குத்துவிளக்கே சொல்லிவிடும். எண்ணெய் உள்ளவரையில் விளக்கில் எரிவது எண்ணெய்தான், திரி அன்று. பஞ்சுத்திரி இரவெல்லாம் எரிந்தும் சிறிதே கருகியிருக்கும். எண்ணெய் வற்றிய மறுநொடியே எரிவது திரியாகிறது. சில நிமிடத்தில் அது சாம்பல். இதன் காரணம் உள்ளுறை வெப்பம் என்பது. ஒரு திரவம் ஆவியாகும்போது பெருமளவு வெப்பத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு செல்கிறது. ஆனால் அதன் வெப்பநிலை கொதிநிலைக்கு மேல் ஏறுவதில்லை. தாளினாற் செய்த கிண்ணத்தில் நீரூற்றி மெழுகுவர்த்தியின் மேல் பிடித்தால் நீர் கொதிக்கும், தாள் எரியாது என்பது வகுப்பறைகளில் செய்துகாட்டப்படும் சோதனை. புகைக்கலத்தின் கம்பிக்கு அந்தத் தாளின் நிலையே. எண்ணெய் நனைத்திருக்கும்வரை கம்பியில் பிறக்கும் வெப்பம் முழுதும் எண்ணெயை ஆவியாக்குவதிற் செலவாகிறது. எண்ணெய் தீர்ந்தபின்னரும் மின்சாரம் அதே அளவு வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, வாங்கிக்கொள்வார் இல்லை. கம்பியின் வெப்பநிலை கட்டின்றி ஏறுகிறது. திரியில் ஊறிக்கிடக்கும் எச்ச எண்ணெய் தீய்ந்து கரியாகிறது. திரியின் கண்ணாடி நார் எரியாதாயினும், இக்கரி அதன்மேற் படிந்து அதனைக் கட்டியாக்கிவிடும். கரி படிந்த திரி மறுபடியும் எண்ணெயை உறிஞ்சாது. ஆகவே அடுத்த முறை எண்ணெய் விட்டாலும் கம்பியின் அருகே எண்ணெய் சேராது. கலம் நிரம்பியிருந்தும் கம்பி வறண்டே இருக்கும். ‘எண்ணெய் விட்டேனே, ஏன் கருகியது?’ என்று கேட்பாருக்கு விடை இதுதான். இரண்டாவது கருகலுக்கு வித்து முதலாவது வறட்சியில் இடப்பட்டுவிட்டது.

மெய்யான நீராவி எஞ்சினுக்கும் இதே நோய் உண்டு என்பது கருதத்தக்கது. கொதிகலத்தில் தீயறையின் மேற்றகடு எப்போதும் நீரில் மூழ்கியிருக்கவேண்டும். நீர்மட்டம் இறங்கித் தகடு வெளிப்பட்டுவிட்டால், அது செக்கச் சிவந்து இளகி, ஆவியின் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். 1803இல் இங்கிலாந்தில் கிரீனிச்சு என்னுமிடத்தில் ரிச்சர்டு திரெவிதிக்கின் கொதிகலம் ஒன்று வெடித்து உயிர்கள் மாண்டன. அதன் பின்னரே அவர் ஈயத்தாலான ஓர் அடைப்பானைக் கொதிகலத்தில் பொருத்தும் வழக்கத்தை உண்டாக்கினார். நீர் வற்றினால் முதலில் ஈயம் உருகும்; ஆவி வெளியேறி எச்சரிக்கும். பத்து ஆராங் நிலக்கரியை அள்ளியெறிந்து மலாயா இரயில்வேயின் எஞ்சின்களை ஓட்டியவர்கள், வேறெதை மறந்தாலும் நீர்மட்டக் கண்ணாடியை நோக்க மறந்ததில்லை. மாதிரி எஞ்சினுக்கோ பெரும்பாலும் அத்தகைய கண்ணாடியும் இல்லை, ஈய அடைப்பானும் இல்லை. புகை மெலிவதைக் கண்ணாற் கண்டு அறிவதே அதன் நீர்மட்டக் கண்ணாடி. புகை மெலிந்ததும் எண்ணெய் விடவேண்டும். அல்லது புகையை நிறுத்திவிடவேண்டும். ஏராளமான எஞ்சின்களின் அடிப்புறத்தில் இதற்கென்றே ஒரு சிறு சுவிட்சு வைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினை வாங்கிப் பல்லாண்டு ஆகியும் அது இருப்பதையே அறியாதவர் உண்டு!

இரண்டாவது காரணம் மின்னழுத்தம். இதில்தான் அனுபவசாலிகளும் தடுமாறுகின்றனர். அழுத்தம் சிறிது கூடினால் வெப்பமும் சிறிதே கூடும் என்று மனம் கணக்கிடுகிறது. உண்மைக் கணக்கு வேறு. ஒரு மின்தடையில் பிறக்கும் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதம். 27 ஓம் தடையுள்ள ஒரு புகைக்கலத்தை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்டுக் கொடுத்தால், 12ஐ 12ஆற் பெருக்கி 27ஆல் வகுக்க, வெப்பம் ஏறத்தாழ 5.3 வாட்டு. 18 வோல்ட்டுக் கொடுத்தால் 12 வாட்டு. அழுத்தம் ஒன்றரை மடங்கு. வெப்பமோ இரண்டேகால் மடங்கு. இரும்புத்தொழிலாளி பற்றுவைக்கும் கருவியின் சூட்டை ஒத்த அளவு அது, அதுவும் விரல் நுனியளவான இடத்தில்.

இதனோடு இன்னொரு மயக்கமும் உண்டு. அதிகத் தடை என்றால் அதிகச் சூடு என்று எண்ணிக்கொள்வோர் பலர். அழுத்தம் மாறாதிருக்குமிடத்து உண்மை அதற்கு நேர்மாறு. தடையைக் குறைத்தால்தான் மின்னோட்டம் மிகுந்து சூடு கூடும். அதே 18 வோல்ட்டில் 27 ஓமுக்குப் பதிலாக 20 ஓம் தடையைப் பொருத்தினால் 12 வாட்டு 16 வாட்டுக்கு மேற்போகும். ‘புகை போதவில்லை’ என்று குறைந்த ஓம் தடையைத் தேடிப் பொருத்துவோர், புகையைச் சில நாள் மிகுவிப்பதும் அதன்பின் கலத்தை இழப்பதும் இதனால்தான். விற்பனையிலுள்ள புகைக்கலங்கள் பல அழுத்தங்களுக்கென்று தனித்தனியே செய்யப்படுகின்றன. தோட்டத்தில் ஓடும் பெரிய அளவு இரயில்களில் 5 வோல்ட்டுக்கு அமைந்தவை உண்டு. அதனிலும் பன்மடங்கு உயர்ந்த அழுத்தத்திற்கு அமைந்தவையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் உடன்பிறந்தார் போலவே இருக்கும். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்துவிட்டால் முதல் நிமிடமே கடைசி நிமிடமாகும்.

பழைய முறையில் ஓடும் இரயில்களில், எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது தண்டவாளத்திலுள்ள அழுத்தமே. மெல்ல ஓடினால் புகைக்கலத்துக்கும் சிறிதளவு மின்சாரம், விரைந்தோடினால் மிகுதி. ஆகவே அங்கு ஆபத்து, எஞ்சின் நிற்கும்போது நேர்வதாகத் தோன்றாது. ஆனால் லயனலின் பழைய எஞ்சின்களில் முன்னோட்டம், நடுநிலை, பின்னோட்டம் என மூன்று நிலைகள் உண்டு. நடுநிலையில் மோட்டார் நிற்கும். தண்டவாளத்தில் மின்சாரம் நிற்பதில்லை. சூட்டுக்கம்பி காய்ந்துகொண்டே இருக்கும். உந்துதண்டு அசையாததால் புகையும் வெளிவராது. வெளிவராததால் பார்ப்பவனுக்குச் செய்தியும் இல்லை. நிலையத்தில் அழகாக நின்றுகொண்டிருக்கும் எஞ்சின் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும். மெர்க்லின் எஞ்சின்களில் திசை மாற்றுவதற்கு ஏறத்தாழ 24 வோல்ட்டு அழுத்தத்தை ஒரு கணம் செலுத்துவது பழைய முறை. கைப்பிடியை ஒரு கணம் திருப்பி விட்டுவிட்டால் தீங்கில்லை; பிடித்துக்கொண்டே நிற்பது புகைக்கலத்திற்கு நல்லதன்று.

எண்முறைக் கட்டுப்பாடு பரவிய பின்னர் நிலைமை முற்றும் மாறிவிட்டது. இம்முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு அழுத்தம் உண்டு. எஞ்சினுக்குள் இருக்கும் ‘டீகோடர்’ என்னும் மின்னணுப் பலகை கட்டளையைப் படித்து மோட்டாருக்கு வேண்டிய அளவு பகிர்ந்தளிக்கிறது. பழங்காலத்துப் புகைக்கலம் ஒன்றைத் தண்டவாளத்தோடு நேரே இணைத்து இம்முறையில் ஓட்டினால், எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் அதற்கு முழுச் சூடு. மாலை விளையாட்டு முடிந்து மின்சாரத்தை நிறுத்த மறந்துவிட்டால் விடியுமுன் கதை முடிந்துவிடும். இதற்கு மருந்து எளிது. புகைக்கலத்தைத் தண்டவாளத்திலிருந்து பிரித்து, டீகோடரின் துணை வெளியீடு ஒன்றில் இணைத்தால், வேண்டும்போது ஒரு பொத்தானால் ஏற்றவும் அணைக்கவும் இயலும். விளக்கொன்று உண்ணும் மின்னோட்டத்திற்கு மேலாகவே புகைக்கலம் உண்ணும். ஆகவே அவ்வெளியீடு தாங்கும் அளவை முன்னரே பார்த்துக்கொள்வது அவசியம். இல்லாவிடில் கருகுவது புகைக்கலமாக இராது, அதனினும் விலைமிக்க டீகோடராக இருக்கும். டீகோடர்கள் பலவற்றில் வெளியீட்டின் வலிமையைக் குறைத்து அமைக்கும் வசதி உண்டு. மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை வெட்டி வெட்டிக் கொடுத்துச் சராசரியைக் குறைப்பதே அதன் முறை. அவ்வசதி இல்லாதவிடத்து இரண்டு டயோடுகளைத் தலைமாற்றி இணையாகச் சேர்த்து வழியில் வைத்தால் ஏறத்தாழ 0.7 வோல்ட்டுக் குறையும். அத்தகைய சோடிகளை வேண்டியமட்டும் தொடராக அடுக்கலாம்.

இனி எண்ணெய். புகைக்கலத்திற்கென விற்கப்படும் திரவங்களுள் பெரும்பான்மை தூய்மையாக வடித்த மெல்லிய கனிம எண்ணெய் வகையைச் சார்ந்தவை. அவை ஏறக்குறைய எச்சமின்றி ஆவியாகவேண்டும் என்பதே அவற்றின் முதல் இலக்கணம். அடுக்களையிலுள்ள எண்ணெய் ஏன் ஆகாது என்பதற்குத் தோசைக்கல் சான்று. புதுக்கல்லைப் பழக்குவோர் நல்லெண்ணெயைத் தடவித் தடவிக் காய வைப்பர். எண்ணெய் ஆவியாகிவிடுவதில்லை, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கழுவினாலும் போகாத கருஞ்சாந்தாகக் கல்லில் ஒட்டிக்கொள்கின்றன. தோசைக்கு அது பெரும் நன்மை. புகைக்கலத்தின் கம்பிமீது அதே சாந்து படிந்தால், திரிக்கும் கம்பிக்கும் இடையே சுவரெழுப்பியது போலாகும். மணமூட்டிய விளக்கெண்ணெய்களும், பூச்சந்தையில் விற்கும் வாசனைத் தைலங்களும் இவ்வாறே பிசின் விடும். நாடகமேடைகளில் மூடுபனி எழுப்பப் பயன்படும் திரவம் நீரும் கிளைகோல் வகைகளும் கலந்தது. அக்கருவிக்கே அது உரியது, இக்கலத்திற்கு உரியதன்று. மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? எளிதில் தீப்பற்றும் பொருளைச் சிவந்த கம்பியின்மேல் ஊற்றுவது புகைக்கலத்தை மட்டுமன்றி வீட்டையும் பணயம் வைப்பதாகும்.

எவ்வளவு விடவேண்டும் என்பதில் இருதரப்புப் பிழையும் உண்டு. குறைவாக விடுபவன் கலத்தைக் கருக்குகிறான். கூடுதலாக விடுபவன் புகையையே காண்பதில்லை. சோய்தே வகைக் கலத்தில் இது நன்கு விளங்கும். எண்ணெய் நடுக்குழாயின் வாய்க்கு மேல் நின்றுவிட்டால் கொதித்த ஆவி வெளியேற வழியில்லை. கலம் குமிழியிட்டுத் துப்புமேயன்றிப் புகையாது. அப்போது புதியவர் செய்வது அழுத்தத்தைக் கூட்டுவது. பிழை அங்கேதான் தொடங்குகிறது. எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்து மிகை எண்ணெயை வடித்துவிடுவதே செய்யத்தக்கது. குப்பியில் பாதியளவுக்கு மேல் விடாதிருப்பது அவ்வகைக்கு நல்ல அளவு. அமெரிக்க ஓ அளவு எஞ்சின்களில் திரி பெரிது. புதிதாகவோ நெடுநாள் ஓடாமலோ இருந்த எஞ்சினுக்கு முதலில் 15 முதல் 20 சொட்டு விட்டுத் திரி ஊறும்வரை பொறுக்கவேண்டும். அதன்பின் புகை மெலியும்போதெல்லாம் ஒருசில சொட்டுகளே போதும். அளவு மீறிய எண்ணெய் கலத்திலிருந்து வழிந்து சக்கரத்திலும் தண்டவாளத்திலும் படியும், எஞ்சின் வழுக்கும், சக்கரத்தின் இரப்பர்ப் பட்டை ஊதிக் கழன்றுபோகும், உள்ளேயுள்ள மின்னணுப் பலகையும் அழுக்கடையும்.

விசிறியுள்ள கலங்களில் காற்றும் ஒரு காவலன். அது புகையைத் தள்ளுவது மட்டுமன்று, சூட்டுத்தடையின் வெப்பத்தையும் உடன்கொண்டு செல்கிறது. கம்பள நூலோ தலைமயிரோ சுற்றிக்கொண்டு விசிறி நின்றுபோனால், எண்ணெய் இருந்தும் கலம் அளவுமீறிக் காயும். திரியை மாற்றும்போது நாரை இறுக அடைத்து, விசிறிக்கும் சூட்டறைக்கும் நடுவேயுள்ள துளையை மூடிவிடுவதும் இதே விளைவைத் தரும். திரி தலையணைப் பஞ்சு போல் தளர்ந்திருக்கவேண்டும், தடையைத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும், காற்றின் வழியை மறித்தல் ஆகாது. மாத்திரை இடும் பழைய லயனல் கலங்களில் நேரும் கேடு வேறுவகை. மாத்திரை கீழிறங்கவில்லை என்று குச்சியாற் குத்துவதால் மெல்லிய நிக்ரோம் கம்பி அறுந்துபோகும். புகை வரவில்லையென்று மாத்திரைமேல் மாத்திரை இட, உருகி உறைந்த மெழுகு உள்ளே கட்டியாகிவிடும்.

கலம் கருகிவிட்டதா, வெறுமனே அடைத்திருக்கிறதா என்பதைத் தீர்ப்பது கடினமன்று. மின்சாரத்தை அகற்றி, கலம் ஆறியபின், அதன் இணைப்புக் கம்பிகளை எஞ்சினிலிருந்து பிரித்து மின்தடை அளக்கும் கருவியை வைத்துப் பார்க்கவேண்டும். எல்லையற்ற தடையைக் காட்டினால் கம்பி அறுந்தது; அதற்கு வேறு வைத்தியம் இல்லை. குறித்த அளவை ஒட்டிய எண் வந்தால் கம்பிக்குக் குறையில்லை, குற்றம் திரியில். மூடியைத் திறந்து திரியைப் பார்த்தால் வெண்மையாகவோ இளம்பழுப்பாகவோ இருக்கவேண்டும். தடையைத் தொடுமிடத்தில் கருமை மிக்கு விறைத்திருந்தால், அதனைக் கழுவி மீட்க முயல்வது வீண், புதிய கண்ணாடி நார்த்திரி இடுவதே முறை. புதிய தடை பொருத்துவோர் பழையதன் ஓம் அளவையும் வாட்டு அளவையும் அப்படியே பின்பற்றவேண்டும். மிகப் பழைய பொம்மைகளின் உள்ளே வெப்பங்காக்க வைத்த நார்ப்பொருள் கல்நாராக இருத்தல் கூடும். கல்நாரின் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஆகவே அத்தகையதை உலர்ந்த நிலையில் சுரண்டுதலும் ஊதுதலும் கூடாது.

கலத்தோடு முடிவதில்லை கருகலின் கேடு. எஞ்சின்களின் கொதிகல உடல் பலவற்றில் பிளாஸ்டிக்கு. வறண்ட கலத்தின் சூட்டில் புகைபோக்கியைச் சுற்றிய பகுதி இளகிக் குழிந்துவிடும். சூட்டுத்தடையைச் சில வெள்ளிக்கு வாங்கலாம். உற்பத்தி நின்றுபோன எஞ்சினின் உடலை எந்த விலைக்கும் வாங்க இயலாமற் போகலாம். புகை எழும் அறையில் சாளரங்களைத் திறந்து வைக்கவேண்டும் என்பதும் புறக்கணிக்கத்தக்கதன்று. வெண்மையாக அழகாகத் தோன்றினும் அது எண்ணெய்த் துளிகளின் கூட்டமே; மூடிய அறையில் மணிக்கணக்காக மூச்சுக்குள் இழுக்கத்தக்கதன்று. எண்ணெய்ச் சீசாவைச் சிறுவர் கைக்கெட்டாத இடத்தில் வைப்பது இன்னும் முக்கியம். மெல்லிய கனிம எண்ணெயைக் குழந்தை விழுங்கிவிட்டால் வயிற்றைவிட நுரையீரலுக்கே ஆபத்து அதிகம். சிறிதளவு மூச்சுக்குழலில் இறங்கினாலும் கடுமையான நுரையீரல் அழற்சி உண்டாகும். வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. அது எண்ணெயை இரண்டாம் முறையும் தொண்டை வழியே கொண்டுவரும். சீசாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

பல்லாண்டு பெட்டியில் உறங்கிய எஞ்சினை எடுத்து ஓட்ட விரும்புவோர், முதலில் புகைச் சுவிட்சை அணைத்து, புகையின்றியே சில சுற்று ஓடவிட்டு மோட்டாரின் நலத்தை அறிந்துகொள்ளலாம். பின்னர் மின்சாரத்தை நிறுத்தி, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, கால்மணி நேரம் காத்திருக்கவேண்டும். வறண்ட நாரில் எண்ணெய் பரவ அவ்வளவு பொழுதாகும். புகைபோக்கியின் வாயில் குமிழி நின்றால் மென்மையாக ஊதிவிட்டு, அதன்பின்னரே சுவிட்சைப் போடவேண்டும். முதலில் வரும் புகை சற்று நாறலாம். அது பழைய தூசியும் எச்சமும் போவதன் அடையாளம். ஓரிரு நிமிடத்துக்குள் அந்நாற்றம் நீங்கி வெண்புகை வராவிடில், உடனே அணைத்து மூடியைத் திறந்து திரியைப் பார்ப்பது நல்லது.